வன்னி வெயிலில் எரிபொருள்: ஒளியூக்கி வேலைக்குப் புதிதாக வருபவருக்கு

சித்திரை மாதத்தில் வெயிலில் நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிளின் சீற்றில் யோசிக்காமல் ஏறி இருந்தவருக்குச் சூரிய சக்தியைப் பற்றி விளக்கம் தேவையில்லை. எரிபொருள் இல்லாத காலமும் வன்னிக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில் இங்கே மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது, ஜாம் போத்தலில் விளக்கு எரிந்தது. 2022 இல் நாடே பெற்றோல் வரிசையில் நின்றபோது எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அவ்வளவாக ஆச்சரியப்படவில்லை. அதனால், தண்ணீருக்குள் ஒரு பவுடரைப் போட்டு வெயிலில் வைத்தால் எரிபொருள் வருமாம் என்று கேள்விப்பட்டுவிட்டு உயர்தரப் பிள்ளைகளும் பல்கலைக்கழக முதல் வருடத்தவர்களும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அந்தப் பவுடரைத்தான் ஒளியூக்கி என்கிறோம்; அது தண்ணீரைப் பிரித்துத் தரும் ஐதரசன்தான் எரிபொருள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை வாசித்துச் செய்து பார்த்தால் உங்கள் வீட்டு அடுப்பு எரியாது. ஆனால் ஒரு பவுடர் வெளிச்சத்தை வைத்து உண்மையில் வேலை செய்கிறதா, இல்லை சும்மா குடித்துவிட்டுக் கிடக்கிறதா என்று பிடிக்கத் தெரிந்துவிடும். இந்தத் துறையில் பலர் சறுக்குவது அந்த இடத்தில்தான்.

முதலில் வெளிச்சத்தை எண்ணுங்கள்

பவுடரை வாங்குவதற்கு முன் ஒரு கொப்பியும் கல்குலேற்றரும் எடுங்கள். வெயிலின் சக்தியில் கழியூதா (புற ஊதா) நூற்றுக்கு 5 அளவுதான். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் 45க்குக் கிட்ட. மிச்சப் பாதி செங்கீழ்க் கதிர், அதாவது கண்ணுக்குத் தெரியாமல் முதுகில் சுடுவது.

ஒளியூக்கி என்பது ஒரு குறைகடத்தி, அதாவது மின்னை அரைகுறையாகக் கடத்தும் பொருள். அதில் இலத்திரனை ஒரு கட்டுக்கு மேலால் தூக்கிப் போடவேண்டும். வாய்க்கால் தாழவும் வயல் உயரவும் இருந்தால் இறைகூடையால் தண்ணீரை வீசுவோமே, அதுபோல. வெளிச்சத்தின் ஒவ்வொரு துகளும், அதாவது ஒவ்வொரு போட்டனும், ஒரு வீச்சு. வரம்பைத் தாண்டாத வீச்சு திரும்பி வாய்க்காலுக்குள்தான் விழும்; இரண்டு அரை வீச்சைச் சேர்த்து ஒரு முழு வீச்சு ஆக்க முடியாது. தேவைக்கு மேல் உயரமாக வீசினாலும் வயலுக்குப் போவது அதே அளவு தண்ணீர்தான், மிச்சப் பலம் வெப்பமாக வீண். இந்த வரம்பின் உயரத்தைப் பட்டை இடைவெளி என்பார்கள், இலத்திரன் வோல்ற்றில் அளப்பார்கள். 1240 ஐ அந்த இலக்கத்தால் பிரித்தால், பவுடரை எழுப்பக்கூடிய அதிகூடிய அலைநீளம் நனோமீற்றரில் (மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒன்று) கிடைக்கும். இந்த ஒரு வகுத்தலை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்ற வெள்ளைப் பவுடரின் அனற்றேஸ் வடிவத்துக்கு இந்த இடைவெளி 3.2. ஆகவே 387 நனோமீற்றர். அது கழியூதாவுக்குள். 1972 இல் ஜப்பானில் புஜிஷிமாவும் ஹொண்டாவும் வெளிச்சத்தால் தண்ணீரைப் பிரித்துக் காட்டியது இந்தப் பொருளின் இன்னொரு வடிவமான ரூட்டைலில்தான். மலிவு, நஞ்சில்லை, கரையாது. ஆனால் வெயிலில் 95 பங்கு அதற்கு இருட்டு.

தண்ணீரைப் பிரிக்கக் குறைந்தது 1.23 வேண்டும். அப்படிப் பார்த்தால் 1000 நனோமீற்றர் வரை போகலாம்போல இருக்கும். நடைமுறையில் இழப்புகளுக்கும் சேர்த்து 2க்குக் கிட்ட வேண்டியிருப்பதால் எல்லை 600க்கு அங்கால் கொஞ்சத்தில் நின்றுவிடுகிறது. ஒரு போட்டனும் வீணாகாமல் 400 வரை பிடித்தால் வெயிலில் 2 வீதம் ஐதரசன் சக்தியாக மாறும். 600 வரை பிடித்தால் 16 வீதம். உலகம் முழுக்க இந்தத் துறையில் நடக்கும் ஓட்டம் இந்த இரண்டு இலக்கத்துக்கும் இடையில்தான்.

நனோ எதற்கு?

எங்கள் கிறவல் றோட்டைப் பாருங்கள். அந்தச் சிவப்பு இரும்பு ஒட்சைட்டின் சிவப்பு. எமற்றைற்று என்ற வடிவத்துக்கு இடைவெளி 2.1, அதாவது 590 நனோமீற்றர் வரை குடிக்கும். கணக்குப்படி அருமையான பொருள், காசும் இல்லை. பிறகேன் றோட்டு ஐதரசன் விடவில்லை? இலத்திரன் மேலே போனதும் கீழே ஒரு துளை மிஞ்சும். அந்தத் துளை எமற்றைற்றுக்குள் 2 முதல் 4 நனோமீற்றர் தூரம் நகர்வதற்குள் இலத்திரனோடு திரும்பச் சேர்ந்து செத்துவிடும். தண்ணீரைத் தொடவே நேரம் கிடைப்பதில்லை. பவுடரின் மணி பெரிதாக இருந்தால் உள்ளே பிறந்ததெல்லாம் உள்ளேயே முடியும். ஆகவே மணியை நனோமீற்றர் அளவுக்குச் சிறிதாக்கி, மேற்பரப்பைப் பக்கத்தில் கொண்டுவருகிறோம். வெளிச்சத்தை முழுதாகக் குடிக்கவோ பல நூறு நனோமீற்றர் தடிப்பு வேண்டும். இந்த இழுபறிக்காகத்தான் கம்பி, தகடு, பஞ்சு என்று விதவிதமான வடிவங்களைச் செய்கிறார்கள்.

வீட்டு முற்றத்தில் முதல் பரிசோதனை

ஐதரசனுக்கு நேரே பாயவேண்டாம். மெதிலீன் நீலம் என்ற சாயத்திலிருந்து தொடங்குங்கள். அலங்கார மீன் விற்கும் கடையில் சின்னப் போத்தலில் கிடைக்கும். தண்ணீர், நீலக் கட்டி போட்ட நிறத்துக்கு வந்தால் போதும்; ஆய்வுகூடமென்றால் லீற்றருக்கு 10 மில்லிகிராம். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். எங்கள் பக்கத்துத் தண்ணீர் கடினம், அதிலுள்ள இருகாபனேற்று வேலையைக் கெடுக்கும். பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்குங்கள்.

பவுடருக்கு, பெயின்ற் கடையில் கிடைக்கும் வெள்ளை நிறமி சரிவராது. பெயின்ற் வெயிலில் பழுதாகக்கூடாது என்பதற்காகவே அந்த மணிகளுக்குச் சிலிக்கா, அலுமினா பூசி ஊக்கி வேலையை அடக்கித்தான் விற்கிறார்கள். நானும் முதலில் அதைத்தான் வாங்கி ஏமாந்தேன். உங்களுக்கு வேண்டியது பி25 என்ற வகை. மணி 20 நனோமீற்றர் அளவு, அனற்றேசும் ரூட்டைலும் கலந்தது. இரசாயனவியல் ஆசிரியர் ஒருவர் மூலமாகவோ பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலிருந்தோ ஒரு தேக்கரண்டி கேளுங்கள். 100 மில்லிலீற்றருக்கு ஒரு கிராமின் பத்தில் ஒன்று போதும், ஆகவே ஒரு தேக்கரண்டி சில தடவைக்கு வரும். உலர்ந்த பவுடரை ஊதவோ கொட்டிக் கிளறவோ வேண்டாம். மூக்கு மறைப்புப் போட்டு, முதலில் கொஞ்சத் தண்ணீரில் குழைத்துக்கொள்ளுங்கள்.

இடைச்செருகலாக ஒன்று. முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்ப் பக்கம் போனால் கரையில் கறுப்பு மணலைக் காண்பீர்கள். களப்புக்கு அந்தப் பக்கம் புல்மோட்டை. அந்த மணலில் இல்மனைற்று, ரூட்டைல் எல்லாம் இருக்கின்றன. தைத்தேனியம் அப்படியான மணலிலிருந்துதான் வருகிறது. அதற்காக மணலை அள்ளிப் போத்தலுக்குள் போடாதீர்கள், ஒன்றும் நடக்காது. இல்மனைற்றில் இரும்பும் சேர்ந்திருக்கிறது. அதைப் பிரித்து வெள்ளைப் பவுடராக்கச் சல்பூரிக்கமிலமோ குளோரீனோ வேண்டும், அது தொழிற்சாலை வேலை.

சரி, இனிக் கிண்ணங்கள். ஒரே மாதிரியான நான்கு கண்ணாடிக் கிண்ணம் எடுங்கள். ஒன்றில் நீலமும் பவுடரும், வெயிலில். இரண்டாவதில் நீலம் மட்டும், வெயிலில். மூன்றாவதில் நீலமும் பவுடரும், அலுமாரிக்குள் இருட்டில். நான்காவதிலும் நீலமும் பவுடரும்தான். ஆனால் வெயிலுக்கும் கிண்ணத்துக்கும் இடையில் தெளிந்த பொலிகாபனேற் கூரைத் தகட்டுத் துண்டொன்று. அந்தத் தகடு கழியூதாவைத் தடுத்து மிச்ச வெளிச்சத்தை விடும்.

மூன்றாவது கிண்ணம் எதற்கு என்று என் மருமகளும் கேட்டாள். உயர்தரம் படிக்கிறாள், பொறுமை கொஞ்சம் குறைவு. ஒருநாள் பின்னேரம் ஓடிவந்தாள்.

"மாமா, நீலம் போயிட்டுது! அரைவாசிக்கு மேல போயிட்டுது."

"எத்தனை மணிக்கு வெயிலில வைச்சனி, பிள்ளை?"

"இன்னும் வைக்கேல்ல. கலக்கிப்போட்டு மேசையில விட்டனான்."

வெயிலே படாமல் நீலம் எப்படிப் போகும்? பவுடரில் ஒட்டிக்கொண்டுவிட்டது. காரத்தன்மையான தண்ணீரில் தைத்தேனியம் ஈரொட்சைட்டின் மேற்பரப்பு மறையேற்றம் கொள்ளும். மெதிலீன் நீலமோ நேரேற்றம். இரண்டும் கட்டிப்பிடித்துக்கொள்ளும். அவள் பிடித்தது எங்கள் கிணற்றுத் தண்ணீர்! அடியில் படிந்த பவுடரைக் கரண்டியால் எடுத்துக் காட்டினேன். வெள்ளைப் பவுடர் நீலமாக இருந்தது. அன்றிலிருந்து அவள் கலக்கி அரை மணித்தியாலம் இருட்டில் வைத்து, அதற்குப் பிறகு உள்ள நிறத்தைத்தான் தொடக்கமாகக் குறிக்கிறாள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில் வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கொருமுறை கலக்குங்கள். நல்ல வெயிலென்றால் முதல் கிண்ணம் ஒரு மணித்தியாலத்துக்கு முன்பின்னாக வெளுக்கும். பவுடர் மிதக்கும்போது தண்ணீர் பால்போல இருப்பதால் நிறத்தை மதிக்க முடியாது. சிறிதளவை ரியூப்பில் எடுத்து ஒரு சிட்டிகை உப்புப் போட்டு இரவு விட்டால் பவுடர் படியும். தெளிந்ததை வெள்ளைக் கடதாசிக்கு முன்னால் வைத்துப் படம் எடுங்கள். ஒவ்வொரு அலைநீளத்திலும் எவ்வளவு வெளிச்சம் குடிக்கிறது என்று அளக்கும் நிறமாலைமானி கிடைத்தால் 664 நனோமீற்றரில் அளக்கலாம்.

வெயில் எவ்வளவு என்று எழுதாமல் விட்டால் எல்லாம் வீண். மேகம் ஒன்று வந்து போனாலே கணக்கு மாறும். இதற்கு விலை கூடிய கருவி வேண்டாம். விளையாட்டுப் பொருளில் வரும் சின்னச் சூரியப் படலொன்றை மல்ரிமீற்றரில் அம்பியர் நிலையில் நேரடியாக இணைத்துக் கிண்ணங்களுக்குப் பக்கத்தில் வையுங்கள். அந்தக் குறுஞ்சுற்று மின்னோட்டம் வெளிச்சத்தின் அளவோடு ஏறக்குறைய நேர்விகிதத்தில் ஏறி இறங்கும். பத்து நிமிடத்துக்கொருமுறை இலக்கத்தைக் குறியுங்கள். சோளகம் அடிக்கும் மாதங்களில் கிண்ணத்தை மெல்லிய கண்ணாடியால் மூடுங்கள், இல்லாவிட்டால் மாலையில் உங்களிடம் இருப்பது புழுதிக் கரைசல்.

நான்காவது கிண்ணம்தான் எனக்குப் பிடித்தது. தகட்டுக்குக் கீழே தைத்தேனியத்தின் வேலை நன்றாகத் தளர்ந்துவிடும். முழுதாக நிற்காது, ஏனென்றால் நீலம் தானே சிவப்பு வெளிச்சத்தைக் குடித்து இலத்திரனைப் பவுடருக்குத் தள்ளிவிட்டுத் தானே சிதையும். நிறம் போனதெல்லாம் ஒளியூக்கியின் சாதனை அல்ல என்பதற்கு இது இரண்டாவது பாடம். சாயம் வெளுத்ததைக் காட்டி "எங்கள் பவுடர் எரிபொருள் தரும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாயத்தைச் சிதைப்பது வேறு, தண்ணீரைப் பிரிப்பது வேறு.

யூரியாவிலிருந்து மஞ்சள் பவுடர்

அடுத்த படிக்கு ஆய்வுகூடம் வேண்டும். வீட்டு அடுப்பில் முயலவேண்டாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், தொழில்நுட்ப, விவசாய பீடங்கள் கிளிநொச்சியில் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமானது. உங்கள் ஆசிரியர் மூலம் கேட்டுப் போகலாம்.

வயலுக்கு எறியும் யூரியாவைத்தான் இங்கேயும் பயன்படுத்துகிறோம். ஆனால் உரப் பையிலுள்ளது சுத்தமில்லை, ஆய்வுகூடத் தரத்தில் எடுங்கள். மூடியுள்ள அலுமினாக் குகையில் (உலைச் சூட்டைத் தாங்கும் கிண்ணம்) 10 கிராம் போட்டு, உலையை நிமிடத்துக்கு 5 பாகையாக ஏற்றி 550 பாகை செல்சியசில் இரண்டு மூன்று மணித்தியாலம் வையுங்கள். அமோனியாவும் அதைவிடக் கெட்ட வாயுக்களும் வரும், ஆகவே புகை இழுக்கும் கூண்டுக்குள்தான் செய்யவேண்டும். ஆறியபின் திறந்தால் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். 10 கிராம் போட்ட இடத்தில் அரைக் கிராமுக்கும் குறைவாக, இளமஞ்சள் நிறத்தில் பஞ்சுபோல் ஏதோ கிடக்கும். அதுதான் காபன் நைத்திரைட்டு. உலோகமே இல்லாத இந்தப் பொருள் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் ஐதரசன் தரும் என்று 2009 இல் காட்டினார்கள். இடைவெளி 2.7, ஆகவே 460 நனோமீற்றர் வரை. மஞ்சள் ஏனென்றால் நீலத்தைக் குடிக்கிறது.

இப்போது நான்காவது கிண்ணத்தைத் திரும்பவும் செய்யுங்கள். தகடு விடும் நீல, ஊதா வெளிச்சம் மஞ்சள் பவுடருக்குச் சாப்பாடு. கழியூதாவிலிருந்து வெளியே வந்துவிட்டோம் என்பதை இங்கே உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.

வெயிலின் மிச்சத்துக்கு என்ன செய்கிறார்கள்

இங்கே வழிகள் பல, ஆரவாரமும் அதிகம். எனக்கு நியாயமாகத் தெரிவது இரண்டு பவுடரைச் சோடி சேர்ப்பது. ஆழமான கிணற்றிலிருந்து ஒரேயடியாகத் தூக்க முடியாவிட்டால், ஒருவர் நடுத்தட்டு வரை இறைத்து, இன்னொருவர் அங்கிருந்து மேலே இறைப்பதுபோல. ஒரு பவுடர் ஒட்சிசனைப் பார்க்கும், மற்றது ஐதரசனைப் பார்க்கும். ஒவ்வொன்றுக்கும் இடைவெளி சிறிதாக இருக்கலாம், ஆகவே நீண்ட அலைநீளத்தையும் பிடிக்கலாம். இதை இசட் முறை என்பார்கள். விலை என்னவென்றால் ஒரு இலத்திரனுக்கு இரண்டு போட்டன்.

தங்க நனோமணி இன்னொரு வழி. 20 நனோமீற்றர் அளவில் தங்கம் மஞ்சளாக இராது, நாவற்பழச் சாறு கலந்த தண்ணீர்போலச் செந்நிறம். 520 நனோமீற்றரைச் சுற்றி நன்றாகக் குடிக்கும். குச்சி வடிவமாக்கினால் செங்கீழ் வரை நீளும். இற்றேபியம், ஏபியம் சேர்த்த மணிகள் 980 நனோமீற்றர் செங்கீழை வாங்கிப் பச்சை வெளிச்சமாகத் திருப்பித் தரும். இரண்டு அரை வீச்சு சேர்ந்து முழு வீச்சாகும் அபூர்வம் இதுதான். ஆனால் சாதாரண வெயிலில் மிக அரிதாகவே நடக்கும், லேசரில்தான் அழகாகத் தெரியும். கட்மியம் சல்பைட்டு நன்றாக வேலை செய்யும். வெளிச்சத்தில் தானே அரித்துப்போகும், நஞ்சும்கூட. சிறுநீரக நோயால் நொந்திருக்கும் எங்கள் ஊரில் அதை நான் தொடச் சொல்லமாட்டேன்.

அப்புறம் கறுப்புத் தைத்தேனியம். 2011 இல் வெள்ளைப் பவுடரை ஐதரசனில் அமுக்கத்தோடு 200 பாகையில் ஐந்து நாள் வைத்துக் கறுப்பாக்கினார்கள். இடைவெளி 1.5 அளவுக்கு இறங்கியது. எல்லாரும் துள்ளினார்கள். ஆனால் அந்த ஆய்விலேயே, கழியூதாவை மறைத்துவிட்டுப் பார்த்தால் வந்த ஐதரசன் முழு வெளிச்சத்தில் வந்ததில் சிறு துளிதான். குடித்தது வேறு, வேலை செய்தது வேறு. தார் றோட்டும் கறுப்புத்தானே, வெயில் முழுவதையும் குடிக்கிறது, என்ன தருகிறது? ஆகவே "முழு நிறமாலையையும் பிடிக்கும்" என்று ஒரு கட்டுரை சொன்னால், ஒவ்வொரு அலைநீளத்திலும் தனித்தனியாக எவ்வளவு ஐதரசன் வந்தது என்ற வரைபடத்தைத் தேடுங்கள். அது இல்லாவிட்டால் பக்கத்தைத் திருப்புங்கள்.

செங்கீழை வெப்பமாகவே எடுத்துக்கொள்வது புத்தியான வேலை என்று நினைக்கிறேன். 2023 இல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு இந்தியம் கலியம் நைத்திரைட்டு நனோக் கம்பிகளில் வெயிலை வில்லையால் குவித்தது. செங்கீழ் தண்ணீரை 70 பாகைக்குச் சூடாக்க, ஐதரசனும் ஒட்சிசனும் திரும்பச் சேர்வது அடங்கியது. வெளிச்சத்தில் ஐதரசன் சக்தியாக மாறியது ஆய்வுகூடத்தில் 9.2 வீதம், வெளி வெயிலில் 6.2 வீதம். வெப்பத்துக்குப் பஞ்சமில்லாத இடத்தில் இருக்கும் நாங்கள் கவனிக்கவேண்டிய வழி இது.

வாயுவை அளக்கும்போது

இது மேற்பார்வையோடு மட்டும். ஐதரசன் காற்றில் 4 வீதத்திலிருந்து 75 வீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் பற்றும். தண்ணீரைப் பிரித்தால் பக்கத்திலேயே ஒட்சிசனும் இருக்கும். போத்தலில் பிடித்து நெருப்புக்குச்சி காட்டும் வீடியோக்களைப் பின்பற்றவேண்டாம்.

மூடிய பாத்திரத்தில் ஆகன் அல்லது நைதரசன் ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றி, ஒளியூட்டி, வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவியான வாயு நிறப்பகுப்பியில் ஊசியால் செலுத்திப் பார்க்கவேண்டும். பெரும்பாலும் மெதனோலோ திரையெதனோலமீனோ சேர்ப்பார்கள். அவை துளைகளை விழுங்கிக்கொள்வதால் ஐதரசன் தாராளமாக வரும். ஆனால் அப்போது நீங்கள் பிரிப்பது தண்ணீரை மட்டுமல்ல, மெதனோலையும் செலவழிக்கிறீர்கள். ஒட்சிசனும் ஐதரசனும் ஒன்றுக்கு இரண்டு என்று வந்தால்தான் அது தண்ணீர்ப் பிரிப்பு. காபனீரொட்சைட்டிலிருந்து மெதேன் செய்வதாக இருந்தால் இன்னும் கவனம். பவுடரில் ஒட்டியிருந்த பழைய காபனே மெதேனாக வந்து உங்களை ஏமாற்றும். காபன் 13 சமதானி (சற்றுப் பாரமான காபன் அணு) இட்ட வாயுவைக் கொடுத்துச் சோதிப்பது அதற்காகத்தான். பவுடர் இல்லாமல் ஒருமுறை, வெளிச்சம் இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதை ஒருநாளும் தவறவிடாதீர்கள்.

அடுப்புக் கணக்கு

இதுவரை வெளியில் செய்த பெரிய முயற்சி ஜப்பானில். டோமன் என்பவரின் குழு அலுமினியம் சேர்த்த துரந்தியம் தைத்தனேற்றுப் பவுடரைத் தகடுகளில் பூசி, 100 சதுர மீற்றரில் மாதக்கணக்காக ஓட்டி 2021 இல் வெளியிட்டது. உச்சம் 0.76 வீதம். எங்கள் பக்கம் ஒரு சதுர மீற்றரில் நாளொன்றுக்கு 5 கிலோவாற்று மணித்தியாலம் வெயில் விழுகிறது என்று வைத்தால், அந்த வீதத்தில் கிடைப்பது ஒரு கிராமைச் சற்றே தாண்டிய ஐதரசன், 14 லீற்றர் வாயு. 12.5 கிலோ சமையல் வாயுச் சிலிண்டரின் சக்திக்கு 4.8 கிலோ ஐதரசன் வேண்டும். 100 சதுர மீற்றர், அதாவது 4 பேர்ச் காணி முழுக்கத் தகடு பரப்பினால் ஒரு சிலிண்டருக்கு ஆறு கிழமை.

கூரையில் சாதாரண சூரியப் படல் போட்டு, அந்த மின்னால் தண்ணீரைப் பிரித்தால் இன்றைக்கே 10 வீதத்தைத் தாண்டலாம். மின்னால் பிரிப்பது எங்களுக்குப் புதிதும் அல்ல. போருக்கு முன் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பைக் கரைத்து மின் பாய்ச்சித்தான் கோஸ்ரிக் சோடாவும் குளோரீனும் செய்தது. அந்த வேலையில் ஐதரசன் பக்க விளைபொருளாக வரும். பவுடருக்கு உள்ள ஒரே நம்பிக்கை, கம்பியும் படலும் இல்லாத எளிமை. விலை மிகக் குறைந்து, 5 வீதமாவது பல வருடம் தாக்குப்பிடித்தால் நிலைமை மாறும். அதுவரை இது ஆராய்ச்சி.

கிண்ணங்களைக் கழுவும்போது ஒரு விஷயம். வெளுத்த தண்ணீரையும் பவுடரையும் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். ஒரு வாளியில் சேர்த்து உப்புப் போட்டு ஒரு கிழமை விடுங்கள். மேல் தண்ணீரை வெயிலில் வற்றவிட்டு, அடியிலுள்ள சேற்றைப் போத்தலில் அடைத்துப் பெயரெழுதி, பவுடர் தந்த ஆய்வுகூடத்திடமே திருப்பிக் கொடுங்கள்.